சட்டைக்கு 45 சதவீதம், பில்லில் அதற்கும் மேல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவில் பொங்கலும் பள்ளித் திறப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து சேர்கின்றன. டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் டிசம்பரிலேயே பெற்றோருக்குக் கணக்கு இடிக்கத் தொடங்கிவிடும். சீருடை விலைக்கு ட்ரம்ப் வரிதான் காரணம் என்று கடைகளில் பேச்சு அடிபடுகிறது. அது சரியல்ல. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நம் சரக்குக்குப் போட்ட 30 சதவீத வரியை அங்கே இறக்குமதி செய்பவர்தான் கட்ட வேண்டியிருந்தது. அதனால் இங்கே சிலருக்கு வேலை போயிருக்கலாம், ஆனால் டர்பனில் சட்டை விலை ஏறாது. நம்மைத் தொடுவது நம் அரசு பல ஆண்டுகளாக வாங்கிவரும் சுங்கவரி: தைத்த உடைக்கு 45 சதவீதம், காலணிக்கும் புத்தகப் பைக்கும் 30, துணிக்கு 22.

சீனாவில் 100 ரேண்டுக்கு வாங்கிய ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். துறைமுகத்தில் சுங்கவரி 45 ரேண்ட். அங்கேயே வாட் என்ற மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. 100-உடன் 10 சதவீதம் கூட்டி, வரியையும் சேர்த்தால் 155. அதற்கு 15 சதவீதம், 23.25. பதிவு பெற்ற வியாபாரி இந்த வாட்டைப் பிறகு கழித்துக்கொள்வார். 45-ஐக் கழிக்க வழியில்லை, அது அடக்கவிலையில் ஏறிவிடும். அடக்கத்தின் மேல் 50 சதவீதம் லாபம் வைத்தால் அந்த 45 மட்டும் 67.50 ஆகிறது. விற்பனை வாட்டும் சேர்ந்தால் 77.63. அரசுக்குப் போன சுங்கவரி 45, அதற்காகப் பெற்றோர் பில்லில் ஏறியது 77.63.

கழுத்துப் பட்டியைப் புரட்டிப் பாருங்கள். துணிமணிக்கும் காலணிக்கும் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்பது நுகர்வோர் சட்டம். லெசோத்தோ, எஸ்வாத்தினி என்றிருந்தால் சுங்கவரி இல்லை. மொரீஷியஸ், மடகாஸ்கர் சரக்குக்கும் இல்லை, ஆனால் நூலைத் துணியாக்குவதும் தைப்பதும் தெற்கு ஆப்பிரிக்க வட்டாரத்திலேயே நடந்திருக்க வேண்டும். வரியில்லை என்றால் விலையும் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். சீனச் சட்டை 45 சதவீதம் சுமந்து நிற்கும்போது உள்ளூர்க்காரர் அதற்குச் சற்றுக் கீழே விலை வைத்தாலே சரக்கு போய்விடும். வெளிநாட்டுத் துணியில் தைத்திருந்தால் துணிக்கான அந்த 22 சதவீதமும் உள்ளே இருக்கலாம்.

கைபேசிச் செயலி வழியாக வெளிநாட்டிலிருந்து வாங்குவதும் முன்போல் லாபமில்லை. 500 ரேண்டுக்குக் குறைந்த பார்சலுக்கு வெறும் 20 சதவீதம் சுங்கவரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் வாட்டும் சேர்ந்துவிட்டது. பச்சை நிறம் பள்ளிப் பச்சையோடு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பும் தொல்லை வேறு.

வாட்டை எடுத்திருக்கலாம். சீருடைக்கு வாட் வேண்டாம் என்று 2018-இல் அரசு அமைத்த பேராசிரியர் இங்க்ரிட் வூலார்ட் குழு பரிந்துரைத்தது. மாவுக்கும் மாதவிடாய் அணையாடைக்கும் 2019 ஏப்ரலில் விலக்குத் தந்த அரசு, சீருடையைச் சாதாரண உடையிலிருந்து பிரித்தறிய முடியாது என்று ஒதுக்கிவிட்டது. சாம்பல் கால்சட்டையைப் பெரியவரும் போடலாம், உண்மைதான். ஆனால் பிரிட்டனில் சிறுவர் அளவை வைத்தே வாட் இல்லாமல் விற்கிறார்கள். இங்கே முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதுவரை பெற்றோர் கையில் இருப்பது பள்ளி நிர்வாகக் குழு. சட்டையிலேயே பின்னிய சின்னத்துக்குப் பதில் தனியாக விற்கும் சின்னத்தை வைத்துத் தைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அப்போது எந்தக் கடையின் வெள்ளைச் சட்டையும் போதும். ஒரே கடைக்கு ஒப்பந்தம் கொடுப்பதை, வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் எதிர்த்துவருவதையும் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள். ஒரே கடை என்றால் வரியைச் சாக்காக்கி என்ன விலையும் வைப்பார்கள். இதை ஆண்டின் முதல் பாதியிலேயே பேச வேண்டும். ஜனவரிச் சரக்குக்கான ஆர்டர் அதற்கடுத்த சில மாதங்களில் போய்விடும். நவம்பரில் பேசினால் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

இப்படிக்கு,
துணி வியாபாரி ஒருவர்
சாட்ஸ்வொர்த், டர்பன்