ஊர் மன்ற ஆண்டறிக்கை
(ஆண்டுப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெளியூரிலிருந்து இதற்காகவே வந்திருக்கும் பெரியோர்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

கொடியேற்றம் இரண்டும் முறைப்படி நடந்தன. பொங்கல் கோலப்போட்டி நடந்தது. கண் பரிசோதனை முகாம் ஆடியில் நடந்தது. நூலகத்துக்கு இரண்டு பீரோ வாங்கினோம். ஊருணிக் கரையில் வைத்த கன்றுகளில் ஆடு கடித்தது போக மீதி பிழைத்துக்கொண்டன. இவ்வாண்டில் மறைந்த உறுப்பினர்களுக்கு மன்றம் அஞ்சலி செலுத்துகிறது.

அடுத்து, சென்ற பொதுக்குழுவில் அரைமனதோடு அனுமதி கிடைத்த, ஊரில் கருத்து மாறுபாடுள்ள விஷயங்களை உட்கார்ந்து பேசும் மாதாந்தரப் பேச்சுக் கூட்டம். திருவிழா, மழை போக ஒன்பது மாதம் நடத்தினோம். “இதுக்குப் பதிலா ஒரு பட்டிமன்றம் வச்சா ஊரே கூடுமே” என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி என்பதால் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

பட்டிமன்றத்தைக் குறைத்துப் பேச இந்தப் பகுதியில் யாருக்கும் வாய் வராது. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் கண்டார். குன்றக்குடி அடிகளார் பட்டிமன்ற மேடையைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனார். சைவ மடத்துக்குத் தலைவரான அவரும் கடவுள் மறுப்பாளரான பெரியாரும் ஒருவரையொருவர் மதித்துப் பழகியது ஊரறிந்தது. ஆனால் பட்டிமன்றத்தில் அணியை முன்கூட்டியே பிரித்துவிடுகிறோம். பேச்சாளர் தன் கட்சியிலிருந்து இறங்கக் கூடாது, நடுவர் தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும். முடிந்ததும் இரண்டு அணியும் ஒரே வேனில் ஊர் திரும்பலாம். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மறித்தது யார், பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்வது என்பவை அந்த வகையல்ல. இதில் தோற்றவர் மறுநாள் காலையில் அடுத்த வாசலில்தான் கோலம் போடுவார்.

நடத்தும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்து வரும் செயலாளருக்கு உதவும். முதல் இரண்டு கூட்டங்களையும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், வைத்தது தவறு. இரு தரப்பாரும் எதிரெதிர்த் தாழ்வாரத்தில் உட்கார்ந்ததால் நடுவில் முற்றம் கிடந்தது. பதினைந்தடி தாண்டிக் கேட்க வேண்டுமென்று குரலை உயர்த்தினார்கள். உயர்ந்த குரல் எதிரே இருப்பவர் காதில் கோபமாக விழுந்தது. மூன்றாம் மாதம் முகப்புத் திண்ணைக்கு மாற்றி, பாயில் வட்டமாக உட்கார வைத்தோம். பன்னிரண்டு பேர்தான் கணக்கு. பதினைந்தைத் தாண்டினால் பின்வரிசை என்று ஒன்று உருவாகி, அங்கிருந்து முணுமுணுப்பு கிளம்புகிறது.

ஒருவருக்கு மூன்று நிமிடம். வயதில் இளையவர் முதலில் பேச வேண்டும். பெரியவர் தொடங்கினால் அடுத்து வாய் திறப்பவர் எல்லாரும் “அண்ணன் சொன்னதுதான்” என்று முடித்துக்கொள்கிறார்கள். கேள்வியைச் செயற்குழு முந்தைய வாரமே எழுதிவிட வேண்டும். “வீட்டை விற்கலாமா, வேண்டாமா” என்று எழுதினால் வாசலிலேயே இரண்டு கட்சி. “பூட்டிக் கிடக்கும் வீட்டை என்ன செய்யலாம்” என்று கேட்டால் ஐந்தாறு வழி பிறக்கிறது. காபியை நடுவில் கொடுக்க வேண்டும், கடைசியில் அல்ல. முறைத்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வாங்கிக் கைமாற்றிய பிறகு வேறு தொனியில் பேசுகிறார்கள். கைத்தட்டல் கூடாது. ஓட்டெடுப்பும் கிடையாது.

முக்கியமான விதி ஒன்று உண்டு. முன்னால் பேசியவர் சொன்னதை, “ஆமாம், நான் சொன்னது அதுதான்” என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே மறுப்புப் பேசலாம். இதை 1951-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் பரிந்துரைத்தார். நமக்கும் இது புதிதல்ல. அருணந்தி சிவாச்சாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற சமயத்தார் கொள்கையைப் பரபக்கத்தில் எடுத்து வைத்து மறுத்த பின்பே தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவுகிறார்.

ஆவணிக் கூட்டத்தில் நடந்ததைக் குடும்பத்தார் சம்மதத்தோடு சொல்கிறேன். ஒரே வீட்டுப் பங்காளிகள் இருவர். விற்றுவிடலாம் என்றார் இளையவர். மூத்தவர் திருப்பிச் சொன்னார்: “தம்பிக்குப் பணமுடை, அதான் விக்கச் சொல்றாரு.”

“நான் அப்படிச் சொல்லலைண்ணே.”

“பாத்துக்க ஆள் இல்லைங்கிற.”

“அது பாதிதாண்ணே.”

மூத்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எட்டு வருசமா ஓடு மாத்துறதுக்கும் கரையான் மருந்துக்கும் நீ ஒருத்தனே குடுக்கிற. எங்க யாருக்கும் என்னண்டு கேக்கத் தோணலை.”

“ஆமாண்ணே. அதுதான்.”

அடுத்து இளையவர் முறை. வீடு போனால் முன்னோரை வணங்கிப் படைக்கும் படைப்புக்கு இடமில்லாமல் போகும் என்பதே அண்ணனின் கவலை, அதற்கு வளவுக்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டு நின்றாலே போதும் என்பதை அவர் சரியாகவே சொன்னார். விற்பதா இல்லையா என்பதில் இன்றுவரை இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பராமரிப்புச் செலவைப் புள்ளிக்கு, அதாவது பங்குள்ள குடும்பத்துக்கு, இவ்வளவு என்று பிரித்து, ஐப்பசி மழைக்கு முன் வளவுக் கூரை ஓடுகளை மாற்றிவிட்டார்கள். பர்மாத் தேக்குத் தூணைக் கழற்றி லாரியில் ஏற்றிய பிறகு எந்தப் பேச்சும் உதவாது. அவகாசம் கிடைத்ததே பெரிது என்று மன்றம் கருதுகிறது.

தோல்வியும் உண்டு. மஞ்சுவிரட்டு பற்றிய கூட்டத்துக்கு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள், வட்டம் உடைந்தது. ஒருவர் விதிப்படி எதிர்த்தரப்பு வாதத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ செல்போனில் எடுத்து, அந்தத் துண்டை மட்டும் வாட்ஸப்பில் விட்டார்கள். அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்த கருத்து அவருடைய கருத்தாகவே ஊர் சுற்றியது. அவரிடம் மன்றம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறது. அன்றிலிருந்து செல்போன்களை வாசலில் தாம்பாளத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம்.

திருப்பிச் சொல்லும்போது ஊசி ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. “அதாவது உங்களுக்கு ஊர் முக்கியமில்லைங்கிறீங்க” என்பது திருப்பிச் சொல்வது ஆகாது. நடத்துபவர் உடனே நிறுத்த வேண்டும். இரண்டாம் முறைக்கு விட்டால் அன்றைய கூட்டம் போச்சு.

எல்லாவற்றையும் பேச்சுக்கு வைக்க முடியாது என்பதிலும் மன்றம் உறுதியாக இருக்கிறது. ஊருணியில் இன்னார் இறங்கலாமா என்பதைத் தலைப்பாக வைக்கச் சொல்லி ஒரு கோரிக்கை வந்தது. மறுத்துவிட்டோம். ஒருவரின் மரியாதைக்கு இரண்டு தரப்பு கிடையாது.

இனி மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியது. செயற்குழுவில் பதினொரு பேர். ஒன்பது கூட்டத்துக்கும் வந்தவர்கள் மூவர். வராதவர்கள் வேலை இருந்தது என்றால் புரிந்துகொள்ளலாம். ஆனால் அதே இரவு வாட்ஸப் குழுவில், “இவங்களே பேசி இவங்களே முடிவு பண்றாங்க” என்று எழுதுவது எந்த வகையில் சேர்த்தி? மாற்றுக் கருத்துள்ளவர்களுக்காகத்தான் பாய் விரித்தோம். அவர்கள் வராததால், ஒத்த கருத்துள்ளவர்களே ஒருவருக்கொருவர் தலையாட்டிய கூட்டம் மூன்று. சந்தாவிலும் இதே நிலைதான். இரண்டாண்டு பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, இங்கே படிக்கப்போவதில்லை.

வரவு செலவு பெரும்பாலும் சரிக்குச் சரியாக நிற்கிறது. பீரோ வாங்கியதில் கொஞ்சம் கை கடித்தது. பேச்சுக் கூட்டத்துக்கென ஆனது காபி, பாய், சாக்பீஸ் செலவுதான். தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

திண்ணை தந்த குடும்பத்தாருக்கும், காபி போட்டுக் கொடுத்த ஆச்சிமார்களுக்கும், முகாமுக்கு வந்த மருத்துவர்களுக்கும், நன்கொடையாளர்களுக்கும் நன்றி.

தையில் எடுக்க நினைப்பது வரத்துக்கால் பிரச்சினை. மேட்டுத் தெருவும் பள்ளத் தெருவும் நேருக்கு நேர் இதைப் பேசி வெகுகாலமாகிறது. இரண்டு தெருவிலிருந்தும் ஆறாறு பேர் வந்தாலே நடக்கும். ஒரு தெரு மட்டும் வந்தால் ஒத்திவைப்போம். பெயர் கொடுப்பவர்கள் இன்றே கொடுக்கலாம். பாய் இன்னும் நான்கு வாங்க வேண்டியிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு முகப்பில் இருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்