இன்டெல் ஐமேக் இனி நம் கடையில் விற்பனைக்கு இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சேலம் ஐந்து ரோட்டில் உள்ள நம் கடையில், இன்டெல் நிறுவனத்தின் சிப் (கணினியின் மூளை) உள்ள பழைய ஐமேக், மேக் மினி என்ற ஆப்பிள் மேசைக் கணினிகள் எதையும் இந்த மாதம் முதல் வாங்கி விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். அலமாரியில் மீதமிருந்த நான்கையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். "நன்றாகத்தானே ஓடுகிறது, விலையும் குறைவு, பிறகு ஏன் நிறுத்தினீர்கள்?" என்று உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். கல்லாவின் முன் நின்றபடி இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல இது. அதனால்தான் இந்த மடல்.

மேக் கணினிகளில் இன்டெல்லை விட்டுவிட்டுத் தானே வடிவமைக்கும் சிப்புக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தது 2020 ஜூன் 22 அன்று. அந்த நவம்பரிலேயே எம்1 சிப்புடன் மேக் மினியும் இரண்டு மடிக்கணினிகளும் வந்தன. 2021-இல் 24 அங்குல ஐமேக், 2022-இல் மேக் ஸ்டுடியோ, கடைசியாக 2023 ஜூனில் மேக் ப்ரோ. இரண்டு ஆண்டுகளில் முடிப்போம் என்றார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின. சிப்பை வடிவமைப்பதுதான் ஆப்பிள், வார்த்துக் கொடுப்பது தைவானின் டிஎஸ்எம்சி. ஐபோனுக்கும் ஐபேடுக்கும் 2010 முதல் தானே சிப் வடிவமைத்துப் பழகிய கை ஆப்பிளுடையது. அதே காலத்தில் இன்டெல்லின் அடுத்த தலைமுறைச் சிப்புக்கான 10 நானோமீட்டர் தயாரிப்பு முறை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அடுத்தவர் கால அட்டவணைக்காக எத்தனை நாள் காத்திருப்பது?

புதிய சிப்பில் என்ன வித்தியாசம் என்பதைச் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுத் தொழிலைக் கொண்டு சொன்னால் நம் ஊரில் எவருக்கும் புரியும். வெள்ளியை உருக்குவது ஒரு பட்டறை, கம்பி இழுப்பது இன்னொரு வீடு, பற்றவைப்பது வேறொரு தெரு, மெருகு போடுவது அதற்கும் அப்பால். ஒவ்வொரு கையும் வேகமான கைதான். ஆனால் பாதி நேரம் வெள்ளி வண்டியில் போய்க்கொண்டிருக்கும். பழைய 27 அங்குல ஐமேக் அப்படித்தான் வேலை செய்தது: கணக்குப் போடும் சிப் ஓரிடத்தில், வேலை நடக்கும்போது தகவலைத் தாங்கும் நினைவகமான ரேம் தனியாக, படம் வரையும் சிப் தன் சொந்த நினைவகத்தோடு வேறிடத்தில். ஒரே படத்தை இங்கிருந்து அங்கே நகலெடுத்து அனுப்பவே நேரமும் மின்சாரமும் போனது. எம்1-இல் தொடங்கும் எம் வரிசைச் சிப்புகளில் அத்தனையும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. ரேமும் சிப்போடு ஒரே அடுக்கில் ஒட்டியிருக்கிறது. கணக்குப் போடும் பகுதியும் படம் வரையும் பகுதியும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. வீடியோவைப் பிரித்துக் காட்டவும் சுருக்கவும் உள்ளேயே தனிப் பகுதி உண்டு. திருமண வீடியோ தொகுப்பவர்கள் எம்1 பெட்டியில் முதல் நாள் வேலை செய்துவிட்டு மின்விசிறி ஓடவே இல்லையே, பழுதா என்று போன் செய்தார்கள். அது பழுதல்ல, ஓடும் சத்தம் காதுக்கு எட்டாத அளவுக்குச் சூடு குறைந்துவிட்டது.

மின்சாரக் கணக்கையும் சொல்ல வேண்டும். ஆப்பிள் வெளியிட்ட அளவுகளின்படி, 2018-இன் ஆறு கோர் இன்டெல் மேக் மினி முழு வேகத்தில் 122 வாட் இழுக்கும். எம்1 மேக் மினி 39 வாட்தான். சும்மா இருக்கும்போது 20 வாட்டாக இருந்தது 7 வாட்டுக்கும் கீழே வந்துவிட்டது. சேலத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்ட அலுவலகம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஐப்பசி மழையில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே யுபிஎஸ், அதே பேட்டரி. ஆனால் கணக்கை முடித்துச் சேமித்து, மின்னஞ்சலையும் அனுப்பிவிட்டு அணைக்க இப்போது நேரம் கிடைக்கிறது.

இந்த நன்மைக்கு ஒரு விலை உண்டு. அதை மறைத்து விற்க எங்களுக்கு மனமில்லை.

27 அங்குல ஐமேக்கின் பின்புறம் பலர் பார்த்திருப்பீர்கள். மின் கம்பியைப் பிடுங்கினால், அது செருகியிருந்த குழிக்குள் மேல்பக்கம் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை விரல் நுனியால் அழுத்தினால் மேலே ஒரு கதவு திறந்துகொள்ளும். இரண்டு நெம்புகோலை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் எழும்பி வரும். புதியதைச் செருகி அழுத்தினால் 'டக்' என்று ஒரு ஓசை. ஐந்து நிமிட வேலை. கணினிக்கு இன்னும் மூன்று ஆண்டு ஆயுள். அந்த ஓசை எனக்கு மிகவும் பிடிக்கும். எம் வரிசையில் அந்தக் கதவே கிடையாது. ரேம் சிப்போடு சேர்ந்தே பிறக்கிறது. பிறகு கூட்ட எங்களாலும் முடியாது, ஆப்பிளாலும் முடியாது. ஆகவே, இனி வாங்கும் அன்றே நான்கைந்து ஆண்டுத் தேவையை யோசித்து ரேமை முடிவு செய்யுங்கள். 2024-இல் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபியில் தொடங்குகிறது. வடிவமைப்புக்கும் அலுவலகத்துக்கும் அது போதும். பெரிய வீடியோ வேலை என்றால் 24 வாங்குங்கள். பழைய எம்1 பெட்டியை 8 ஜிபியுடன் யாராவது மலிவாகத் தந்தால், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் சரி.

சரி, பழைய இன்டெல் பெட்டிகளுக்கு வருகிறேன். 2025 செப்டம்பரில் வெளியான டஹோ என்ற மேக் இயங்குதளப் பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அதுவும் 2019, 2020-இன் நான்கே மாடல்களுக்குத்தான். அடுத்த பதிப்பு முதல் ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளுக்கு மட்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் சில காலம் வரும். அதன் பிறகு வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டி தளத்தையும் அந்தக் கணினியில் திறக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இதை எழுதும்போது ஒருவர் முகம் நினைவுக்கு வருகிறது. 2020 தீபாவளிக்கு முன், அப்போதுதான் வந்திருந்த 27 அங்குல இன்டெல் ஐமேக்கை ஒரு வீடியோ ஸ்டுடியோக்காரருக்கு விற்றோம். ஒன்றரை லட்சத்துக்கும் மேல். சிப் மாற்றத்துக்கான அறிவிப்பு ஜூனிலேயே வந்துவிட்டது, நாங்களும் படித்திருந்தோம். கொஞ்ச காலம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் இன்றும் நம் வாடிக்கையாளர்தான், குறையாக ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் அதே தவறை இன்னொருவரிடம் செய்ய மாட்டோம்.

இன்டெல் மேக் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். அது நாளைக்கே நின்றுவிடாது. பழுது பார்ப்பதையும் ரேம் போடுவதையும் நாங்கள் தொடர்வோம். விற்பனை மட்டும்தான் நிறுத்தம்.

புதியதற்கு மாறிய அச்சகத்தார் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இன்டெல்லுக்காக எழுதிய மென்பொருளை ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பாளர் எம் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. அது அவ்வளவு நன்றாக வேலை செய்வதால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது. டஹோவுக்கு அடுத்த பதிப்புடன் அதன் பொதுப் பயன்பாடும் முடிகிறது. மேக்கிலேயே இருக்கும் ஆக்டிவிட்டி மானிட்டர் என்ற செயலியைத் திறந்து 'கைண்ட்' என்ற பத்தியைப் பாருங்கள். எதன் எதிரே 'இன்டெல்' என்று இருக்கிறதோ அதற்குப் புதிய பதிப்பு தேட வேண்டும். போட்டோஷாப் 2021 மார்ச்சிலேயே மாறிவிட்டது. சிக்கல் பெரும்பாலும் பழைய துணை நிரல்களிலும் பிரிண்டர் மென்பொருளிலும்தான் வரும். 2006-இல் பவர்பிசி என்ற பழைய சிப்பிலிருந்து இன்டெல்லுக்கு மேக் மாறியபோது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளோடு திண்டாடியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தமிழ்த் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம், தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் இயங்குதளத்திலேயே இருக்கின்றன.

கொலுசு வடிவமைப்பு மென்பொருளுக்காகவும் டாலி கணக்கு மென்பொருளுக்காகவும் மேக்கில் விண்டோஸ் போட்டு ஓட்டியவர்களுக்கு என் யோசனை: விண்டோஸ் கணினியே வாங்குங்கள். மேக்கில் நேரடியாக விண்டோஸ் போட உதவிய பூட் கேம்ப் எம் வரிசையில் இல்லை. மேக்கின் உள்ளேயே விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மென்பொருள் வழியாக ஓடுவது ஆர்ம் வகை, அதாவது இன்டெல் அல்லாத சிப்புக்கான விண்டோஸ். யுஎஸ்பியில் செருகும் உரிமச் சாவிக்கு, அந்த விண்டோஸுக்கென்று எழுதிய டிரைவர் (சாவியை அடையாளம் காட்டும் சிறு நிரல்) இல்லையென்றால் மென்பொருள் திறக்காது.

இன்டெல் ஐமேக்குக்கு முன்பணம் கொடுத்துவைத்திருக்கும் மூவரும் ரசீதுடன் வாருங்கள். முழுத் தொகையையும் அன்றே திருப்பித் தருகிறோம். வேறு கணினி வாங்கினால்தான் தருவோம் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் கணினிக் கடை,
ஐந்து ரோடு, சேலம்