மூக்கு வழி வேறு, நெபுலைசர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலில் தேங்கும் நீரை வெளியேற்றும் மருந்தை இனி மூச்சு வழியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தி, மூக்கில் அடிக்கும் மருந்தையும் மருந்தை நுண்துளிப் புகையாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் கருவியில் வைக்கும் மருந்தையும் ஒன்றென நினைக்க இடம் தந்துவிட்டது. தேவகோட்டையில் நெடுங்காலம் மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில் சில விளக்கங்களைக் கூற விரும்புகிறேன்.

இதயம் தளர்ந்தவருக்குக் கால் வீங்கும்போது குடல் சுவரிலும் நீர் கோத்துக்கொள்வதால், நீர் மாத்திரை என்று நாம் சொல்லும் ஃபுரோசிமைடு இரத்தத்தில் சேரத் தாமதமாகிறது. இயல்பாகவே விழுங்கிய மருந்தில் சராசரியாகப் பாதிதான் உடலில் சேரும். அதுவும் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிற நாளில்தான் மாத்திரை கைகொடுக்காமல் போகிறது. இரத்த நாளத்தில் ஊசியாகப் போட்டால் சுமார் 5 நிமிடத்தில் வேலை தொடங்கிவிடும் என்றாலும் அதற்கு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, முதியவர் இருவர் மட்டுமே பெரிய வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் நம் பகுதியில், மாத்திரைக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு வழி கிடைத்தால் அது பெரிய உதவிதான்.

அத்தகைய வழியாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது பியூமெடனைடு என்ற மற்றொரு நீர் மருந்தின் மூக்குத் தெளிப்புக்கு. இதில் 1 மில்லிகிராம், ஃபுரோசிமைடு மாத்திரையின் 40 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ ஈடு என்பதால், மூக்கில் தெளிக்கும் சிறு துளியிலேயே தேவையான அளவு அடங்கிவிடுகிறது.

நெபுலைசரின் கதை வேறு. ஃபுரோசிமைடை அதில் வைத்துப் பார்க்கும் ஆய்வுகள் 1980களிலேயே தொடங்கின. ஆனால் அவை ஆஸ்துமாவுக்காகவும் மூச்சுத்திணறலைத் தணிப்பதற்காகவும் மூச்சுக்குழாயிலேயே மருந்து வேலை செய்யுமா என்று பார்த்தவை. முடிவுகளும் ஒரே மாதிரி அமையவில்லை. கால் வீக்கத்தை வடிக்க அது நிறுவப்பட்ட முறை அன்று. அளவையும் பாருங்கள்: ஆஸ்துமா இன்ஹேலரின் ஒரு அழுத்தில் வரும் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம், ஃபுரோசிமைடின் 40 மில்லிகிராம் என்பது அதைப்போல் 400 மடங்கு. நெபுலைசரில் ஊற்றுவதில் பெரும்பகுதி கருவியிலும் தொண்டையிலும் காற்றிலுமாகப் போய்விடும். நுரையீரலுக்கு எவ்வளவு போனது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் நெபுலைசர் இருக்கிறது. ‘லாசிக்ஸ் ஆம்பூலை உடைத்து அதில் ஊற்றலாமா?’ என்று, ஃபுரோசிமைடு ஊசி மருந்துக் குப்பியைப் பற்றிக் கடைக்கு வந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூடாது. திடீரென மூச்சு முட்டினால் 108ஐத்தான் அழைக்க வேண்டும்.

நீரை வெளியேற்ற, எந்த வழியில் போனாலும் மருந்து வேலை செய்யுமிடம் சிறுநீரகம்தான். பொட்டாசியம் குறையும் அபாயமும் இரத்தப் பரிசோதனையின் தேவையும் அப்படியே இருக்கும். அடிக்கடி எழுந்து பின்கட்டுக்குப் போக வேண்டுமே என்று, முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் புறப்படும் நாளில் மாத்திரையைத் தவிர்த்துவிடும் ஆச்சிகளுக்கு மூக்குத் தெளிப்பும் அந்தத் தொல்லையிலிருந்து விடுதலை தராது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளுடன் வீடு தேடி வரும் பணியாளர்கள், இதய நோயாளிகளின் எடையையும் கால் வீக்கத்தையும் பார்த்துக் குறித்துச் சென்றால் நல்லது. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்லிச் செல்லலாம். அதற்கான ஏற்பாட்டைச் சுகாதாரத் துறை செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தேவகோட்டை