‘கெட்ட ரத்தம்’ என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

அழிந்துபோன ஆதி மனித இனமான நியாண்டர்தால் மனிதர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கொரோனாவைக் கடுமையாக்கும் மரபணுத் துண்டு ஒன்று அவர்களிடமிருந்து நமக்கு வந்தது என்பது சரிதான். அதற்குக் ‘கெட்ட ரத்தம்’ என்று தலைப்பு வைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2021 மே மாதம் எங்கள் வீட்டில் ஏழு பேருக்குக் கொரோனா. வளவு அறையில் படுத்திருந்த 84 வயது அம்மா, மிளகு ரசமும் கஞ்சியுமாக இரண்டு வாரத்தில் எழுந்துவிட்டார்கள். 52 வயதுத் தம்பி ஒன்பதாம் நாள் போய்விட்டான். பத்து வருடச் சர்க்கரை அவனுக்கு. அம்மாவிடமும் அவனிடமும் எந்த மரபணு இருந்தது என்று யாரும் சோதித்ததில்லை. ஆனாலும் இந்த ஆவணியில் தம்பி மகளுக்குப் பேசிய இடத்தில், “அந்த வீட்டு ரத்தத்திலேயே எதிர்ப்புச் சக்தி இல்லையாமே” என்று சொல்லிப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பிள்ளை காபித் தட்டோடு முகப்பிலேயே நின்றாள்.

மரபணு ஆய்வாளர்கள் ஸ்வாண்டே பாபோவும் ஹ்யூகோ செபர்க்கும் 2020இல் கண்டுபிடித்தது இது: மூன்றாம் குரோமோசோமில் ஏறத்தாழ 50,000 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள அந்தத் துண்டு, குரோயேஷியாவின் விந்தியா குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்பிலும் இருக்கிறது. ஐரோப்பாவில் 100 பேரில் 16 பேரிடம் இருப்பது, தெற்காசியாவில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் இருக்கிறது. அப்படியென்றால் பெண் பார்க்க வந்த வீட்டில் மட்டும் இல்லாமலா போகும்? எங்கள் நகரத்தார் பக்கம் வரன் என்றதும், எங்களுக்குரிய ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில் என்றுதான் முதலில் கேட்போம். பிள்ளையார்பட்டியா, இளையாத்தங்குடியா? ஒரே கோயில் என்றால் பொதுவாகப் பங்காளி, கட்டமாட்டோம். இந்தத் துண்டு மனிதருக்குள் வந்ததோ ஒன்பது கோயில்களுக்கும் பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால். இதை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

கட்டுரை சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. இதே துண்டு உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 27 சதவீதம் குறைவு என்று 2022இல் செபர்க் எழுதினார். அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் சி.சி.ஆர்.5 என்ற வாசல் இவர்களிடம் குறைவாக இருக்கிறது. அப்புறம், 12ஆம் குரோமோசோமில் உள்ள வேறொரு நியாண்டர்தால் துண்டு, கொரோனா கடுமையாவதையே ஓரளவு தடுக்கிறது. முப்பது வருடம் உயிரியல் நடத்தியவள் என்பதால் சொல்கிறேன்: ஒரு நோயில் நமக்கு எதிராகும் மரபணு, இன்னொரு நோயில் நமக்குக் காவலாக நிற்பது இயற்கையில் சாதாரணம். ஆபத்தைக் கூட்டுவது வேறு, ஆளைக் கொல்வது வேறு.

அடுத்த இதழில் இந்த மறுபாதியையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். தம்பி மகளிடம் அந்தப் பக்கத்தை நானே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

— ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
காரைக்குடி