காவலூரில் தொடங்கிய வழக்கு

திருப்பத்தூர்,
14.12.2025

அன்பு நண்பா செல்வராசு,

நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க விழைகிறேன். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. வலக்கண்ணில் புரை அறுவை செய்துகொண்டதால் எழுதவும் படிக்கவும் மருத்துவர் தடை போட்டிருந்தார். தடை நீங்கியபின் நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கட்டுப் பிரித்த நான்காம் நாள் இரவு மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். பல ஆண்டுகளாக எனக்கு வெறும் வெள்ளைப் புகையாகத் தெரிந்துவந்த கார்த்திகைக் கூட்டத்தில் ஆறு மீன்களையும் தனித்தனியே எண்ண முடிந்தது. உன் பேத்தியின் கேள்விக்கு இன்னும் விடை அனுப்பவில்லையே என்ற உறுத்தலும் அப்போதுதான் வந்தது.

வேறு கிரகத்தில் நம்மைப் போல யாராவது இருக்கிறார்களா என்று அவள் கேட்டதற்கு, "இருக்கிறார்கள், ஏப்ரல் மாதச் செய்தித்தாளிலேயே வந்துவிட்டது" என்று நீ சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 1988-இல் காவலூர் வானாய்வகத்துக்குப் போய், 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை வாய் பிளந்து பார்த்துவிட்டுத் திரும்பியபோது கடைசிப் பேருந்தைத் தவறவிட்டோமே, நினைவிருக்கிறதா? அன்று விடியும்வரை, இத்தனை விண்மீன்கள் இருக்கும்போது இன்னொரு அறிவுள்ள இனம் இல்லாமலா போகும் என்று வாதாடியவன் நான். "ரசீது இருந்தால் காட்டு" என்று வங்கிக்காரனாகவே பேசியவன் நீ. முப்பத்தேழு ஆண்டுகளில் நீ என் பக்கம் வந்துவிட்டாய், நானோ ஏறக்குறைய உன் பக்கம் போய்விட்டேன். ஏன் போனேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்தச் செய்தியைப் பார்ப்போம். கே2-18பி என்ற கோள் சிம்மக் கூட்டத்தில், உத்திர நட்சத்திரத்துக்குச் சற்றுத் தென்மேற்கே, நம்மிடமிருந்து 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒரு சிவப்புக் குறுமீனை, அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீனை, சுற்றிவருகிறது. பூமியைப் போல எட்டு மடங்குக்கும் மேல் எடையுள்ளது. வாரணாசியில் பொறியியல் படித்து இப்போது கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதனின் குழு, ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவின் தடயம் தென்படுவதாக அறிவித்தது. பூமியில் அந்த வாயுவைப் பெரும்பாலும் வெளியிடுபவை கடலில் மிதக்கும் நுண்ணுயிர்கள் என்பதால்தான் அவ்வளவு பரபரப்பு. ஆனால் அந்தக் குழுவே தன் முடிவுக்குத் தந்த உறுதி 3 சிக்மா அளவுதான். அளவீட்டில் தற்செயலாக எழும் வெறும் இரைச்சலே அப்படியொரு தோற்றத்தைக் காட்டிவிட ஆயிரத்தில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு என்பது அதன் பொருள்; கண்டுபிடிப்பு என்று பெயர் சூட்ட 5 சிக்மா வேண்டும் என்பது வழக்கம். அதே தரவுகளை வேறு முறையில் ஆராய்ந்த மற்றவர்களுக்கு அந்தத் தடயம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. போதாக்குறைக்கு, உயிர் என்று எதுவும் இல்லாத ஒரு வால்மீனிலும் இதே வாயு அகப்பட்டிருக்கிறது. எல்லாம் உறுதியானாலும்கூட நமக்குக் கிடைப்பது பாசி போன்ற ஏதோ ஒன்றுதான். உன் பேத்தி கேட்டது பாசியைப் பற்றி இல்லை.

நான் அன்று பிடிவாதமாக நம்பியதற்குக் காரணம் வானியலறிஞர் பிராங்க் டிரேக் எழுதிய சமன்பாடு. 1960-இல் அமெரிக்காவின் கிரீன் பேங்கில் இரண்டு விண்மீன்களை நோக்கி ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பிக் காத்திருந்தவர் அவர். அடுத்த ஆண்டு அங்கேயே நடந்த ஒரு சிறிய கூட்டத்துக்காக, பால்வீதியில் நம்மோடு பேசக்கூடிய நாகரிகங்கள் எத்தனை இருக்கும் என்ற கேள்வியை ஏழு காரணிகளின் பெருக்கலாக எழுதினார். ஆண்டுக்கு எத்தனை விண்மீன்கள் பிறக்கின்றன, அவற்றில் எத்தனைக்குக் கோள்கள் உண்டு, அக்கோள்களில் எத்தனை உயிருக்கு ஏற்றவை என்று தொடங்கி, உயிர் தோன்றும் வாய்ப்பு, அறிவு தோன்றும் வாய்ப்பு, கருவிகள் செய்யும் வாய்ப்பு என்று நீண்டு, அப்படியொரு நாகரிகம் எத்தனை ஆண்டுகள் நிலைக்கும் என்பதில் வந்து முடியும். வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் மாணவர்களின் கண்கள் விரிவதைப் பார்த்து நானும் மயங்கியிருக்கிறேன்.

அந்தச் சமன்பாட்டின் முன்பாதி இப்போது கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. 1961-இல் சூரியனைத் தவிர வேறொரு விண்மீனுக்குக் கோள் உண்டு என்று ஒருவருக்கும் தெரியாது. 1995-இல் பெகாசஸ் கூட்டத்தில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இன்று எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. பால்வீதியின் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களில் கோள் இல்லாததுதான் விதிவிலக்கு என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம். பின்பாதியிலோ 1961-இல் இருந்த அதே வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பெரிய எண் ஒன்று கையில் இருக்கிறது. அதைப் பெருக்க வேண்டிய சிறிய எண் பத்தில் ஒன்றா, பத்தாயிரம் கோடியில் ஒன்றா என்று தெரியாது. வங்கிக்காரனான உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வட்டி விகிதம் தெரியாமல் முதலை மட்டும் பார்த்து முதிர்வுத் தொகையைச் சொல்ல முடியுமா?

பூமியிலேயே உயிர் தோன்றியிருக்கிறதே, அது ஒரு சான்றில்லையா என்று நீ கேட்பாய். தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரியைத் தடை செய்வதற்கு முன் நம் தெருவில் யாருக்காவது பரிசு விழுந்தால், அவர் தம் கையிலிருக்கும் சீட்டைப் பார்த்து மொத்தம் எத்தனை சீட்டுகள் அச்சடித்தார்கள் என்று கணக்கிட முடிந்திருக்குமா? பரிசு விழாதவர்கள் பந்தல் போட்டுப் பேசுவதில்லை. இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்றாலே, அவர் நிற்கும் இடத்தில் உயிரும் அறிவும் ஏற்கெனவே தோன்றிவிட்டன என்று பொருள். அது எவ்வளவு அரிது என்பதை நாம் இங்கே இருப்பது மட்டும் காட்டிக்கொடுக்காது.

ஆனால் சீட்டில் இன்னொரு செய்தி இருக்கிறது, அது காலக்கணக்கு. என் மனத்தை மாற்றியது அதுதான். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் நுண்ணுயிர்ப் படுகைகளின் தடயங்கள் 350 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் கிடைக்கின்றன. நிலம் ஆறிய கொஞ்ச காலத்திலேயே உயிர் வந்துவிட்டது என்றால் அது அவ்வளவு கடினமான வேலையாக இருந்திருக்காது என்று நினைக்க இடமுண்டு. அதன்பின் என்ன நடந்தது? ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. 150 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக எளிய ஒற்றைச் செல்களே இருந்தன. பிறகு ஒரு செல் இன்னொன்றை உள்ளே வாங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டதில் மைட்டோகாண்ட்ரியா என்ற ஆற்றல் தரும் உறுப்பு உள்ள சிக்கலான செல் பிறந்தது. மரம், மீன், நீ, நான் எல்லாரும் அந்த ஒரே கூட்டுக்குடித்தனத்தின் வாரிசுகள்தாம். கண் என்ற உறுப்பைப் பரிணாமம் பல தடவை தனித்தனியே உருவாக்கியிருக்கிறது. இந்தக் கூட்டுக்குடித்தனமோ நமக்குத் தெரிந்தவரை ஒரே ஒரு முறைதான் நடந்தது. விலங்குகள் வந்தது சுமார் 60 கோடி ஆண்டுகளுக்கு முன். டைனோசர்கள் 16 கோடி ஆண்டுகளுக்கு மேல் இந்த நிலத்தை ஆண்டும் ஒரு கல்லைக்கூடத் தீட்டவில்லை. ஆக்டோபஸும் காகமும் அறிவில் குறைந்தவை இல்லை. எங்கள் முருங்கை மரத்துக் காகம் வடகத்தைத் திருடும் நுட்பத்தைப் பார்த்தவனுக்கு அதில் ஐயமே வராது. ஆனாலும் ரேடியோ கட்டிய இனம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் 3 இலட்சம் ஆண்டு வயதுள்ள குழந்தை.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பார். சூரியன் மெல்ல மெல்ல ஒளி கூடிக்கொண்டே போகிறது. இன்னும் 100 கோடி ஆண்டு அளவில் பூமியின் கடல்கள் தாங்காது. அதாவது, தேர்வு முடிய மணி அடிக்கும் தறுவாயில் நாம் கடைசி விடையை எழுதியிருக்கிறோம். பிராண்டன் கார்ட்டர் என்ற இயற்பியலறிஞர் 1983-இல் சொன்ன வாதத்தின் சாரம் இதுதான்: அறிவு தோன்றச் சராசரியாகத் தேவைப்படும் காலம் ஒரு விண்மீனின் வாழ்நாளைவிட மிக நீளமாக இருந்தால்தான், வெற்றி பெற்ற அபூர்வமான கோள்களிலும் அது இப்படிக் கடைசி நேரத்தில் நிகழும். முப்பது ஆண்டு தேர்வறையில் மேற்பார்வை பார்த்த எனக்கு இது உடனே உறைத்தது. பெரும்பாலான பையன்கள் முடிக்காமலே தாளைக் கொடுத்துவிட்டுப் போகும் தேர்வு அது.

அப்படியும் சிலர் முடித்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் நம் காலத்தில் இருக்க வேண்டுமே. ஒரு நாகரிகம் பத்தாயிரம் ஆண்டு நிலைக்கும் என்று தாராளமாகக் கொடுத்துப் பார்த்தேன். பால்வீதியின் 1,000 கோடி ஆண்டு வரலாற்றில் எந்த நேரத்திலும் ஒன்றாவது விழித்திருக்க வேண்டுமானால், மொத்தம் 10 இலட்சம் நாகரிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறந்திருக்க வேண்டும். பத்து இலட்சம் பேர் வந்துபோன நிறுத்தத்திலும், ஒருவர் பேருந்து ஏறிப்போன பிறகுதான் அடுத்தவர் வந்து நிற்கிறார். ஆலங்காயம் சாலையில் அன்று நாம் தனியாக நின்றோம் என்பதற்காக அந்த வழியில் பேருந்தே ஓடியதில்லை என்று சொல்ல முடியுமா? "அப்படியானால் எல்லாரும் எங்கே?" என்று 1950-இல் லாஸ் அலமாஸில் இயற்பியலறிஞர் என்ரிக்கோ ஃபெர்மி சாப்பாட்டு மேசையில் கேட்டாராம். அதற்கு எனக்குத் தோன்றும் விடை இவ்வளவுதான். வேற்றுலகவாசிகள் ஒளிந்துகொண்டு நம்மைக் கவனிக்கிறார்கள் என்ற வகைக் கதைகளில் எனக்கு நாட்டமில்லை.

என் வாதத்தின் ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அடுத்த கடிதத்தில் அதைப் பிடித்துக்கொள்வாய். நாம் இதுவரை தேடியது மிகக் கொஞ்சம். உலகக் கடல்கள் அனைத்தையும் தேட வேண்டிய பரப்பாக வைத்தால், இதுவரை பார்த்தது ஒரு சிறிய நீச்சல் குளத்து நீர்தான் என்று 2018-இல் ஒரு குழு கணக்கிட்டது. 1977 ஆகஸ்ட் 15-ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோவில் ஒரு ரேடியோ தொலைநோக்கியில் 72 விநாடி பதிவான அந்தப் புகழ்பெற்ற சமிக்ஞை இன்னொரு முறை வரவே இல்லை. அது என்னவென்று இன்றுவரை முடிவாகவும் இல்லை. ஆகவே யாரும் இல்லை என்று நான் சொல்லவில்லை. நுண்ணுயிர் பல இடங்களில் இருக்கும், அறிவு எங்கோ எப்போதோ இருந்திருக்கும், ஆனால் குரல் கேட்கும் தூரத்தில், நாம் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் இந்த நூறு ஆண்டுகளில் ஒருவர் இருப்பது அரிது என்பதே என் துணிபு.

பேத்திக்குச் சொல்ல ஒரு சுவையான செய்தி. கே2-18பி கோளிலிருந்து இவ்வாண்டு நமக்கு வந்துசேர்ந்த ஒளி 1901 வாக்கில் புறப்பட்டது. மார்க்கோனி அட்லாண்டிக் கடல் தாண்டி முதன்முதலில் ரேடியோ அலை அனுப்பியதும் அதே ஆண்டுதான். அங்கே யாராவது ஏரியல் வைத்திருந்தால் ஏறக்குறைய இப்போது அது கேட்குமா என்றால், கேட்காது. வளிமண்டலத்தின் மேலடுக்கு அந்த அலையைத் திருப்பி அனுப்பியதால்தான் அது கடலையே கடந்தது, வெளியே போகவில்லை.

இன்னொரு செய்தியைச் சொன்னால் உனக்குக் கோபம் வரும். 1977-இல் விண்வெளிக்கு ஏவிய வாயேஜர் கலங்களில் 55 மொழிகளில் வாழ்த்துப் பதிந்து அனுப்பினார்கள். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு, செத்துப்போன சுமேரியமும் உண்டு; தமிழ் இல்லை. எவராவது ஒருநாள் அதை எடுத்துக் கேட்டால் உன்னையும் என்னையும் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாமலே போகும்.

இடக்கண்ணுக்கு அறுவை ஜனவரி இறுதியில். மார்ச்சில் சிம்மக் கூட்டம் இருட்டியதுமே கிழக்கே ஏறிவிடும். பேத்தியை அழைத்துக்கொண்டு வா, மூவரும் காவலூர் போய்வரலாம். கே2-18 வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உத்திரத்தைக் காட்டி அதன் பக்கத்தில் என்று விரலை நீட்டலாம். மலையில் இரவு குளிரும், கம்பளி எடுத்துக்கொள். கடைசிப் பேருந்து நேரத்தை இந்தமுறை நான் முன்கூட்டியே விசாரித்து வைக்கிறேன்.

வீட்டில் தங்கைக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
நடராசன்