ஒற்றை ஸ்ட்ரட்டை மாற்றியதால் ஒழுகும் ரூஃப்டாப் டென்ட்: புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: காரின் கூரைமேல் பொருத்தும் ஹார்டு ஷெல் (கெட்டி மூடி) ரூஃப்டாப் டென்ட்டின் மூடி தானாக இறங்குவது, மழைநீர் உள்ளே வருவது, வாரண்டி மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய அலுமினிய மூடி போட்ட டென்ட்டுக்கு வாரண்டி இன்னும் முடியவில்லை. மூடியைத் தூக்கி நிறுத்தும் இரண்டு கேஸ் ஸ்ட்ரட்டுகளில் (வாயு அடைத்த தண்டு) இடது பக்கத்ததில் எண்ணெய் கசிந்தது. உங்கள் சர்வீஸ் ஆள் வீட்டுக்கே வந்து இலவசமாக மாற்றிக் கொடுத்தார். அதற்கு நன்றி. ஆனால் பிரச்சினை ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

அவர் மாற்றியது இடது பக்கத்தை மட்டும். வலது ஸ்ட்ரட்டின் மேல் அதன் தூக்கும் விசை 400 நியூட்டன் என்று அச்சாகியிருக்கிறது. புதிதாகப் போட்டதில் 300 என்று இருக்கிறது. இரண்டின் படத்தையும் இணைத்திருக்கிறேன். கார் டிக்கிக்கு ஸ்ட்ரட் மாற்றும் மெக்கானிக்கூட இரண்டையும் ஜோடியாக, ஒரே அளவில்தான் மாற்றச் சொல்வார். இப்போது மூடியைத் திறந்தால் வலது பக்கம் முந்திக்கொண்டு எழும்புகிறது, இடது பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. இப்படித் திறக்கும்போதெல்லாம் மூடி முறுக்கிக்கொண்டு, முன்பக்கக் கீலின் திருகுகள் தளர்ந்துவிட்டன.

இதை உங்கள் ஆளிடம் காட்டியபோது, "நல்லாத்தானே நிக்குது" என்றார். அவர் பார்த்தது சேலத்தில், மதிய வெயிலில். ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன். குளிர்ந்தால் அழுத்தம் குறையும், தூக்கும் விசையும் குறையும். நாங்கள் தங்குவது மலை மேல், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் தெரிந்தவரின் காப்பித் தோட்டத்தில். அங்கே நள்ளிரவுக்கு மேல் மூடியின் இடது பக்கம் மெல்ல இறங்கிவிட்டது. என் மகள் அந்தப் பக்கம்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். சில்வர் ஓக் கம்பு ஒன்றை முட்டுக்கொடுத்து விடியும்வரை விழித்திருந்தோம். ஒழுகுவதைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான்.

அன்றே மழையும் பெய்தது. முன்பக்க இடது மூலை வழியாகத் தண்ணீர் இறங்கி மெத்தை நனைந்தது, அடிப்பலகை ஊறிப் போய்விட்டது. இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்: "ஈரத்தோடு மூடி வைத்ததால் ஏற்பட்ட பூஞ்சை, பராமரிப்புக் குறைபாடு, வாரண்டியில் வராது."

இதை நான் ஏற்க முடியாது. மலையில் ஈரத்தோடு மூடித்தான் ஆக வேண்டும், மூடுபனி விலகும்வரை யாரும் காத்திருக்க முடியாது. கீழே வந்ததும் என்ன செய்கிறோம் என்பதுதான் பராமரிப்பு. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வீட்டுக்கு வந்த அன்றே டென்ட்டைத் திறந்து, மெத்தையை வெளியே எடுத்து நிமிர்த்தி வைக்கிறேன். சேலம் வெயிலில் கான்வாஸ் சீக்கிரம் காய்ந்துவிடும். அழுக்கிருந்தால் வெறும் தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும்தான்; சோப்புத்தூள் போட்டால் துணியின் நீர்விலக்கும் பூச்சு போய்விடும். மூடியின் ஓரத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் பீடிங்குக்கு சிலிக்கான் ஸ்ப்ரே தவிர வேறு எண்ணெய் தொட்டதில்லை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி டென்ட்டைக் காரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் நட்டுகளை முடுக்கிப் பார்க்காமல் மலை ஏறியதும் இல்லை.

அப்புறம், மூச்சுக்காற்றின் ஈரமும் மழை ஒழுகலும் ஒன்றல்ல. மூச்சு ஈரம் மெத்தையின் அடியில், உடம்பு படும் இடமெல்லாம் பரவலாகப் படியும். அதற்காகத்தான் மெத்தைக்கு அடியில் காற்றோட்ட வலை விரித்திருக்கிறேன், ஜன்னலையும் கொஞ்சம் திறந்தே வைக்கிறோம். ஆனால் என் டென்ட்டில் கறை ஒரே மூலையில் தொடங்கி, கோடாக வழிந்து பலகைக்குப் போயிருக்கிறது. பீடிங்கின் மேல் காகிதத் துண்டு வைத்து மூடியைப் பூட்டி இழுத்துப் பார்த்தேன். மற்ற எல்லா இடத்திலும் காகிதம் கிழிகிறது, அந்த மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வருகிறது, அதாவது அங்கே பீடிங் இறுக்கமாக அழுந்தவில்லை. கீல் தளர்ந்த இடமும் அதுவேதான். வீடியோவைப் பாருங்கள்.

நான் கேட்பது: ஒரே நியூட்டன் அளவுள்ள புதிய ஸ்ட்ரட் ஜோடி, கீல் சீரமைப்பு, பீடிங் முழுவதும் புதிதாக, கெட்டுப்போன மெத்தைக்கும் பலகைக்கும் மாற்று. வேலை முடிந்ததும் மூடி கோணாமல் திறக்கிறதா என்று என் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். இதே ஆள் ஒற்றை ஸ்ட்ரட் மாற்றிக் கொடுத்த மற்ற வாடிக்கையாளர்களையும் உடனே எச்சரியுங்கள். அவர்களும் குழந்தைகளோடு மலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். உங்கள் கையேட்டில் ஸ்ட்ரட் பற்றி ஒரு வரிகூட இல்லை. சரியான பயன்பாட்டுக்குப் போதுமான அறிவுறுத்தல் தராததும் உற்பத்தியாளரின் பொறுப்பே என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சொல்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதுவரை டென்ட்டில் யாரையும் ஏற விடப்போவதில்லை. கழற்றிய பழைய ஸ்ட்ரட் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் ஆள் வரும்போது பார்க்கலாம், ஆனால் வேலை முடியும்வரை அதைத் திருப்பித் தர மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், வாரண்டி அட்டை நகல், சர்வீஸ் சீட்டு, ஸ்ட்ரட் படங்கள், காகிதச் சோதனை வீடியோ.