புள்ளி வைக்கும்போதே யோசிக்க விடும்மா

கண்ணம்மா,

உன் கிளாஸ் பசங்க ரீடிங் எல்லாம் ஒழுங்கா எடுக்கறாங்க, கிராஃப் போடச் சொன்னா மட்டும் முழிக்கறாங்கன்னு போன்ல சொன்னல்ல, அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். பேசினா பாதி விட்டுப்போயிடும்னு எழுதிடறேன்.

கிராஃப்ங்கறது எல்லாம் முடிஞ்சப்புறம் ரெக்கார்ட் நோட்டுக்காக போடற படம்னு பசங்க நெனச்சிருக்காங்க, அதை மாத்து மொதல்ல. ரீடிங் எடுக்கற மேஜையிலயே கிராஃப் ஷீட் இருக்கட்டும், ஒரு ரீடிங் வந்ததும் ஒரு புள்ளி. தப்பு நடந்தா அங்கயே கண்ணுல படும், திரும்ப எடுக்க பெண்டுலமும் அங்கயே தொங்கிட்டு இருக்கும்.

நூல்ல குண்டு கட்டி ஆட விடற பெண்டுலத்தையே எடுத்துக்கோ. நூல் நீளத்தை நாம மாத்துறோம், அது எக்ஸ் அச்சு, குண்டு ஒரு தடவை போய்த் திரும்பி வர்ற நேரம், அதாவது ஒரு ஆட்டத்தோட நேரம், அதனால மாறுது, அது ஒய் அச்சு. 20 செ.மீ., 100 செ.மீ. ரெண்டையும் மொதல்ல எடுக்கச் சொல்லு, அப்போ நேரம் சுமார் 0.9 செகண்ட்லேருந்து 2 செகண்ட் வரைக்கும் போகும்னு தெரிஞ்சிடும், அதுக்கு ஏத்த மாதிரி ஷீட் முழுக்க பரவுற அளவுத்திட்டம் எடுக்கலாம். ஒரு கட்டத்துக்கு 1, 2, 5 இப்படி வெச்சா சரி, 3, 7னு வெச்சா ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கு போட்டே களைச்சுப்போவாங்க. அச்சுல பேரும் யூனிட்டும் எழுதாம ஒரு புள்ளிகூட வைக்க விடாத.

புள்ளி வெச்சதும் அடிஸ்கேல எடுத்து நேர்கோடு போடத்தான் கை போகும். போடட்டும். ரெண்டு ஓரத்துப் புள்ளி கோட்டுக்குக் கீழயும் நடுவுல உள்ளது மேலயும் நிக்கும், ஏன்னு கேளு, பதிலை நீயே சொல்லிடாத, கொஞ்சம் தவிக்கட்டும். அப்புறம் நேரத்தை வர்க்கம் பண்ணி இன்னொரு கிராஃப் போடச் சொல்லு, இப்போ நேர்கோடு வரும், நீளத்தை மீட்டர்ல எடுத்தா ஸ்லோப், அதாவது கோட்டோட சாய்வு, 4க்குப் பக்கத்துல இருக்கும், 4π²ஐ அதால வகுத்தா 9.8க்குக் கிட்ட ஒரு நம்பர் வரும். ஒரு நூல்ல இருந்தும் ஒரு ஸ்டாப்வாட்ச்ல இருந்தும் புவியீர்ப்பு முடுக்கம் வருதும்மா, அந்த நேரத்துல அவசரப்பட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடாத!

ஸ்லோப் எடுக்கறப்போ கோட்டு மேலயே நல்லா தள்ளித்தள்ளி ரெண்டு இடம் எடுக்கணும், டேபிள்ல இருக்கற ரீடிங்க எடுத்துப் போடக்கூடாது.

இன்னொண்ணு, ஒத்தப் புள்ளி மட்டும் விலகி நின்னா ரப்பர எடுத்து அழிக்க விடாத. 60 செ.மீ.க்கு 20 ஆட்டத்துக்கு 31 செகண்ட் கிட்ட வரணும், ஒரு குரூப்புக்கு 29.5 வந்திருக்கும். குண்டை விடும்போதே 'ஒண்ணு'ன்னு எண்ண ஆரம்பிச்சிருப்பாங்க, 'இருபது'ன்னு சொல்லும்போது ஆடினது 19தான், விடும்போது சைபர்ல ஆரம்பிக்கணும். இந்தக் காரணத்தை அவங்களே கண்டுபிடிச்சா அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல பென்சில்ல எழுதி வெச்சுட்டு ரீடிங்க மறுபடி எடுக்கட்டும். காரணம் கிடைக்கலையா, புள்ளி அப்படியே இருக்கட்டும். கோடு அழகா வரணும்னு ரீடிங்க திருத்துற பழக்கம் இந்த வயசுலதான் வருது, மார்க் போடும்போது அந்த விலகின புள்ளிய நேர்மையா வெச்ச பிள்ளைக்குக் கொறைச்சிடாத, என்ன.

அடுத்த வாரம் அவங்க போட்டதுல ரெண்டு மூணு போட்டோ எடுத்து அனுப்பு, கோணலா வந்ததயும் சேத்து அனுப்பு. உடம்பப் பாத்துக்கோ.

அப்பா